லைன் சரியில்லை என்று ஒரு முறை சொன்னேன்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்தவள் அவள். நீதிமன்றத்தில் தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர்கள் சொல்வதை மலாய் மொழியில் சொல்வதும், நீதிபதி கேட்பதைத் தமிழில் சொல்வதும்தான் எங்கள் வேலை. "அக்கா, வீட்டுல உக்காந்து வீடியோவுல மொழிபெயர்க்கிறதுக்கு டிப்ஸ் ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். புதுசா சேர்றவங்களுக்கு டிரெய்னிங்ல குடுக்கணும்லா" என்றாள்.

என்னைப் போய்க் கேட்கிறாளே என்று இருந்தது. என் வீட்டு டிவியில் எந்த ரிமோட் எதற்கு என்று இன்றுவரை எனக்குக் குழப்பம். ஆனால் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஓய்வு பெறும் முன் கடைசி ஒன்றரை வருடம், ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசையை நீதிமன்றமாக்கி நான்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த வகையில் அனுபவசாலி என்று நினைத்துவிட்டாள் போல.

சரி, தெரிந்ததை எழுதுகிறேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். அந்தப் பக்கம் உங்கள் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். தலைக்கு மேல் ஓடும் காற்றாடியை நிறுத்திவிடுங்கள். நமக்குப் பழகிப்போன அந்தச் சத்தம் அவர்கள் காதில் மழை பெய்கிற மாதிரி விழும். வியர்த்தால் வியர்க்கட்டும். வைஃபையை நம்பாதீர்கள், மோடத்திலிருந்து கணினிக்கு நேராகக் கம்பி இழுங்கள். நான் இழுத்த கம்பியில் என் வீட்டுக்காரர் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தார், அதனால் சுவர் ஓரமாக இழுங்கள். மைக் உள்ள இயர்போன் கட்டாயம் வேண்டும். ரொட்டிக்காரர் காலை பத்தரைக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார். அந்த நேரம் உங்கள் முறை இல்லையென்றால் மைக்கை அணைத்து வையுங்கள், பிறகு திறக்க மறக்காதீர்கள். நான் ஒரு நாள் ஒரு முழுச் சாட்சியத்தையும் அணைத்த மைக்கில் அழகாக மொழிபெயர்த்தேன். என் வாயசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்த நீதிபதி, நான் முடித்தபிறகு, மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறீர்களா என்று கேட்டார்.

சாட்சி பெரும்பாலும் கைப்பேசியில்தான் வருவார். முதல் நாளே ஒரு சோதனை அழைப்பு போட்டு, சார்ஜர் செருகியே இருக்கட்டும், நடுவில் வேறு அழைப்பு வராதபடி செட்டிங் மாற்றி வையுங்கள், போனைக் கையில் பிடிக்காமல் அரிசி டின்னில் சாய்த்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டும் நானே கண்டுபிடித்தவை. சாட்சிகள் திரையில் தெரியும் என் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள், அதனால் நீதிபதிக்கு அவர்கள் குனிந்துகொண்டே இருக்கிற மாதிரி தெரியும். அதற்குப் போனின் கேமரா பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டச் சொல்வேன். பொட்டைப் பார்த்துப் பேசுங்கம்மா என்றால் போதும், எந்தத் தமிழ் வீட்டிலும் கண்ணாடி ஓரத்தில் நாலு பொட்டாவது ஒட்டியிருக்கும். இன்னொன்று, சத்தம் தாமதமாக வருவதால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள். ஆகவே நான் கேட்டு முடித்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்பேன். இவை இரண்டும் நல்ல யோசனைகள்தான். ஆனால் இவை இரண்டும் சேர்ந்து என்னை ஒரு நாள் எப்படிக் குழப்பத்தில் விட்டன என்பதைச் சொல்லாமல் இதைப் புதியவர்களிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதற்கு முன் ஹமீதா அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சேர்ந்தபோது தலைமை மொழிபெயர்ப்பாளர் அவர். தமிழ் முஸ்லிம் குடும்பம், சூலியா தெருவில் வீடு. குள்ளமாக இருப்பார், குரலை உயர்த்தவே மாட்டார். கையில் எப்போதும் ஒரு பென்சில். வழக்கு நடக்கும்போது கடைசி வரிசையில் வந்து உட்காருவார். நாம் ஒரு சொல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ பென்சிலின் பின்பக்கத்தால் பெஞ்சில் ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டு எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துக்கொள்வேன், ஆனால் அது எல்லாருக்கும் கேட்கும்.

சேர்ந்த இரண்டாம் மாதம். சாலை விபத்து வழக்கில் ஒரு பெரியவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி ஒரு பெண். அவர் கேட்ட கேள்வி பிடிக்காமல், பெரியவர் என் பக்கம் திரும்பி, "இந்தம்மாவுக்கு லாரி ஓட்றதப் பத்தி என்னா தெரியும்?" என்று முணுமுணுத்தார். என்னிடம் சொன்னதுதானே என்று நான் அதை விட்டுவிட்டேன். பென்சில் தட்டியது. நான் திரும்பவில்லை. மறுபடியும் தட்டியது. வேறு வழியில்லாமல், சாட்சி இன்னொன்றும் சொன்னார் என்று மலாயில் அதை அப்படியே சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டே, உண்மைதான், எனக்குத் தெரியாது, அவரையே விளக்கச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் ஹமீதா அக்கா திட்டவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் உன்னிடம் சொன்னாலும் அது நீதிமன்றத்துக்குச் சொன்னது, தும்மலைத் தவிர எல்லாவற்றையும் சொல் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "கண்ண வீட்டுல வச்சுட்டு வா. காதும் வாயும் மட்டும் போதும் இந்த வேலைக்கு." யார் அழுகிறார்கள், யார் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் நம் வேலை இல்லையாம். முப்பத்தொரு வருடம் நான் அப்படியேதான் இருந்தேன். என்னிடம் "அக்கா, பாத்ரூம் எங்க இருக்கு" என்று கேட்ட சாட்சியைக்கூட மொழிபெயர்த்திருக்கிறேன்.

இனி அந்த வழக்கு. அந்தப் பெண்ணுக்கு மல்லிகா என்று பெயர் வைத்துக்கொள்வோம். இருபத்தாறு இருபத்தேழு வயது, ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கணவன் கைநீட்டுகிறான் என்று, அவன் நெருங்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஆணையை, நாங்கள் இருக்கும் தீவில் அவளும் இருந்தபோதே எங்கள் நீதிமன்றத்தில் வாங்கியிருந்தாள். பிறகு பாலம் தாண்டி அக்கரைக்குப் போய் கெப்பாலா பத்தாஸில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தாள். மூன்று வயதுப் பையன் கணவன் வீட்டாரிடம் மாட்டிக்கொண்டான் என்பது அவள் மனுவிலேயே இருந்தது. அந்த மனுவை அவளுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். இரண்டு மாதம் கழித்து, ஆணை வேண்டாம், மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாஜிஸ்திரேட் இளம் மலாய்ப் பெண். மலாய் மரியாதைப்படி நாங்கள் புவான் என்றுதான் அழைப்போம். கடிதத்தை வைத்து முடிவு செய்யமாட்டேன், அவள் வாயால் கேட்கவேண்டும் என்றார். தீவுக்கு வரும் பாலத்தில் போலீஸ் தடுப்பு இருந்த நேரம், அதனால் வீடியோ.

முதல் நாள் சோதனை அழைப்பில் அவளிடம் பொட்டையும் சொன்னேன், மூன்று எண்ணுவதையும் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டாள். பொட்டைப் பார்த்து, எண்ணிப் பேசினாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

மறுநாள் காலை. திரையில் நாலு கட்டங்கள்: புவான், நான், கணவனின் வழக்கறிஞரான சீனர் ஒருவர், மல்லிகா. வழக்கப்படி, அறையில் வேறு யாரும் இல்லை என்று காட்டச் சொன்னார் புவான். மல்லிகா போனை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சாமிப்படம், சமையல்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு துணித் திரை. பிறகு வாசல் கதவைத் திறந்து வெளியேயும் காட்டினாள். படியில் செருப்புகள். பெரியவர்கள் செருப்பு இரண்டு ஜோடி, அதன் பக்கத்தில் குதிகாலில் விளக்கு மின்னுகிற சின்னப் பிள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி. கதவு மூடிவிட்டது. புவான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் ஏதோ தாள் புரட்டிக்கொண்டிருந்தார். எழுதவோ புரட்டவோ எதுவும் இல்லாத நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் அங்கே இல்லையே என்று ஒரு நினைப்பு. வரிசை வீடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கலாமே என்று இன்னொரு நினைப்பு. எனக்கெதற்கு, கண்ணை வீட்டில் வைத்துவிட்டுத்தானே வரவேண்டும் என்று மூன்றாவது. ஆனால் நான் இருந்ததே வீட்டில்தான். அன்று எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

கேள்விகள் ஆரம்பித்தன. பெயர், அடையாள அட்டை எண் என்று சாதாரணமானவை. நான் கேட்பேன். மல்லிகா அமைதியாக இருப்பாள். பிறகு பதில் சொல்வாள். மூன்று எண்ணுகிறாள், நான் சொன்னபடிதான் என்று இருந்தது. ஆனால் பொட்டைப் பார்க்கவில்லை. கண் போனுக்கு வலப்பக்கமாக, கொஞ்சம் தாழ்வாகப் போய்விட்டு வந்தது. ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் போய்விட்டு வந்தது. எண்ணுகிறாளா, யாரிடமோ கேட்டுக்கொள்கிறாளா? பொட்டு விழுந்துவிட்டதா? நேற்று ஒட்டியதைக் கழற்றி வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டாளோ? அந்தத் தாமதத்தை நானே அவளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் புவானே கவனித்திருப்பார். இப்போது அவருக்கு அது லைன் தாமதமாகவே தெரியும். நான்தான் அதை மறைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

புவான் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: இந்த ஆணை வேண்டாம் என்பது உங்கள் சொந்த முடிவா?

கண் வலப்பக்கம் போனது. அங்கேயே நின்றது. கணவன்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவள் வாயைத் திறக்கப்போகிறாள், அவள் எதைச் சொன்னாலும் நான் அதை மலாயில் சொல்லவேண்டும், புவான் எழுதிக்கொள்வார், அதோடு முடிந்தது.

அவள் பேசும் முன் நான் பேசிவிட்டேன். புவான், மன்னிக்கவேண்டும், சாட்சியின் லைன் சரியில்லை, குரல் விட்டு விட்டு வருகிறது, எனக்கு விளங்கவில்லை, வீட்டுக்கு வெளியே போனால் சிக்னல் நன்றாக இருக்கும் என்றேன். ஒரு மூச்சில் இத்தனையும். வழக்கறிஞர் நிமிர்ந்து, எனக்குத் தெளிவாகக் கேட்கிறதே என்றார். மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை என்றால் நமக்குக் கேட்டு என்ன பயன் என்று புவான் சொன்னார். மல்லிகாவை வெளியே போகச் சொல்லும்படி என்னிடம் கூறினார்.

நான் சொன்னேன். அதற்கு மல்லிகா, "எனக்கு நல்லாக் கேக்குதே அக்கா. லைன் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

அங்கே இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். முப்பத்தொரு வருடம் எல்லாவற்றையும் சொன்ன வாய் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. பென்சில் தட்டவும் யாரும் இல்லை. "வெளிய வாங்கம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவு, வெளிச்சம், ஒரு மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு வேலி. வேலியோரம் நின்றாள். புவான் அதே கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன். இந்த முறை அவள் வேறெங்கும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள எங்க மாமியார் இருக்காங்க. பையன் அவங்க மடியில இருக்கான். நான் கேஸ் வேணாம்னு சொன்னாத்தான் அவன என்கிட்ட விட்டுட்டுப் போவாங்களாம். என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியலக்கா."

கணவன் இல்லை, மாமியார். காலையில் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டுத் துணித் திரைக்குப் பின்னால் நின்று, பிறகு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் பார்த்தது தன் பிள்ளையை. இரண்டு மாதம் கழித்து அன்றுதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறான். மிரட்டலுக்குப் பயந்து பார்த்தாளா, பார்க்காமல் இருக்க முடியாமல் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மலாயில் சொன்னேன், "அக்கா" என்பது உட்பட ஒரு சொல் குறையாமல். வழக்கறிஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், புவான் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டார். நான் கேட்டேன். மல்லிகா வீட்டின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவளை வெளியே வரச் சொன்ன நான், பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பின்வாசல் ஒன்று இருந்தால்?

திரையில் வானம் தெரிந்தது, துத்தநாகக் கூரை தெரிந்தது, சிமெண்டுத் தரை தெரிந்தது. பிறகு கறுப்பு. அவள் கட்டமே போய்விட்டது.

என்ன அக்கா, மறுபடியும் லைனா என்று புவான் பக்கத்தில் இருந்த நீதிமன்ற உதவியாளர் மலாயில் கேட்டார். லைன் நன்றாக இருந்தபோது சரியில்லை என்று சொன்னவள் நான். இப்போது உண்மையில் என்ன ஆனது என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்வது? புவான் ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு, ஆணை அப்படியே நீடிக்கும், அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து உடனே யாராவது அந்த வீட்டுக்குப் போகவேண்டும், மூன்று வாரத்தில் சாட்சி நேரில் வரட்டும் என்று சொல்லி முடித்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் காற்றாடியைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ஹமீதா அக்காவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று மகளோடு இருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"லைன் நல்லாருக்குன்னு அந்தப் புள்ள சொன்னத நீ சொல்லல."

"சொல்லலக்கா."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ இப்படிச் செஞ்சிருக்க?"

"இதுதாங்க்கா. வேற இல்ல."

திட்டுவார், நான் வாங்கிக்கொள்ளலாம், மனம் ஆறிவிடும் என்று காத்திருந்தேன். "எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கே தெரியாதது ஒன்று இருக்கிறது என்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த மூன்று வாரம் நான் சோறு உண்ட லட்சணத்தை என் வீட்டுக்காரரிடம்தான் கேட்கவேண்டும். எங்கள் வேலையில் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கக்கூடாது. காவலர் போனாரா, பையன் இருந்தானா, எதுவும் எனக்கு வராது. அவள் உள்ளேயே இருந்து ஆணை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பையன் அன்றே அவளிடம் இருந்திருப்பான். மாமியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவராகவும் இருந்திருக்கலாம். அதை எடைபோட்டுத்தானே அவள் அந்தக் கடிதத்தை எழுதினாள்? நடுவில் புகுந்து அவளை வெளியே இழுக்க நான் யார்? இப்படி நினைத்துக்கொண்டே துணி துவைப்பேன். துவைத்ததையே மறுபடி எடுத்து நனைப்பேன்.

கவிதா, மூன்று எண்ணச் சொல்வது நல்ல பழக்கம்தான், அதை எழுதிக்கொள். ஆனால் அப்படி எண்ணச் சொல்லியிருக்கிறோம் என்பதை விசாரணை தொடங்கும்போதே நீதிபதியிடம் சொல்லிவிடு. வாசலைத் தாண்டிச் செருப்புவரை காட்டச் சொல்லி நீதிமன்றமே கேட்கட்டும், அதை ஒரு விதியாக ஆக்கச் சொல்லி மேலே எழுது. நான் செய்ததை நீ செய் என்று சொல்லமாட்டேன். செய்யாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் நேரில் விசாரணை. நான் அரைமணி நேரம் முன்பே போய்விட்டேன். முகக்கவசத்தோடு மல்லிகா வந்தாள். தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். கூண்டில் ஏறும்போதும் அவனை அவள் இறக்கவில்லை, புவானும் இறக்கச் சொல்லவில்லை. ஆணை வேண்டும் என்றாள். போன தடவை போன் கையிலிருந்து விழுந்துவிட்டது, பையனைத் தூக்க உள்ளே ஓடினேன், மாமியார் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார் என்றாள். அன்று லைன் எப்படி இருந்தது என்று புவான் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல்.

முடிந்து வெளியே தாழ்வாரத்துக்கு வந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ, அதை நான் எந்த முகத்தோடு வாங்குவது என்று பதைத்தேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பையனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். தாழ்வாரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அன்னிக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லக்கா?"

"ஆமாம்மா" என்றேன்.

"நானும் யாருகிட்டயும் சொல்லல" என்றாள்.

பிறகு அக்கரைக்குப் போகும் ஃபெர்ரிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.